லவால் அடிகளாரின் கல்லறையில் ஓர் இரவு

நாகப்பட்டினத்தில் பிறந்த எனக்குச் செப்டம்பர் 8 என்றால் வேளாங்கண்ணித் திருவிழாவும், அதற்கு முந்தைய நாள்களில் காவி உடுத்தி எங்கள் தெரு வழியே நடந்துபோகும் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். மணமாகி மொரீஷியசுக்கு வந்த பிறகு, அதே நாள் இரவில் ரோஸ் ஹில்லிலிருந்து தலைநகர் போர்ட் லூயியில் லவால் அடிகளாரின் கல்லறை இருக்கும் சாந்த்குருவா ஆலயத்தை நோக்கி மக்கள் சாரிசாரியாக நடப்பதைக் கண்டு மெய்சிலிர்த்துப்போனேன். சென்ற ஆண்டு அத்தையோடு நானும் நடந்தேன்.

அதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் அசைவம் சமைக்கவில்லை. காவடிக்கு நாம் இருக்கும் விரதத்தையும் கிறிஸ்தவர்களின் தவக்காலத்தையும் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில் 'கரெம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிற ஊர் இது. நெற்றியில் திருநீறும் கையில் மல்லிகைச் சரமுமாக அத்தை நடந்தபோது, ஜெபமாலை உருட்டியபடி அருகில் வந்தவர்கள் அவருக்கு வழிவிட்டுத் தண்ணீரும் கொடுத்தார்கள்.

பிரான்சின் நார்மண்டியில் 1803 இல் பிறந்து மருத்துவராக இருந்த ழாக் தெசிரே லவால், கத்தோலிக்கக் குருவாகி 1841 இல் இத்தீவுக்கு வந்தார். 1835 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டிருந்தும் கதியற்றுக் கிடந்த ஆப்பிரிக்க வம்சாவளி மக்களிடம் சென்று, அவர்களுடைய கிரியோலைக் கற்று, அந்த மொழியிலேயே மறைக்கல்வி புகட்டினார். 1864 செப்டம்பர் 9 அன்று அவர் மறைந்தார். 1979 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை, புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளராக அறிவித்தார். தமிழர்கள் அந்த அறிவிப்புக்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. நோய் தீர்ப்பவர் அடங்கிய இடத்தைச் சித்தர் சமாதியாகவே கண்டு வணங்கப் பழகியவர்கள் அல்லவா நாம்!

கல்லறையை நெருங்க விடியற்காலையாகிவிட்டது. மெழுகு உருகும் வாசனைக்கு நடுவே, முன்னால் நின்ற ஒரு தாய் குழந்தையின் சட்டையைக் கல்லறையில் ஒற்றி எடுத்து மறுபடியும் அணிவித்தார். அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மல்லிகைச் சரத்தைக் கல்லறையின் மேல் வைத்து, இரு உள்ளங்கைகளையும் அதன்மீது பதித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாள் முழுவதும் கிரியோலிலேயே பேசுகிற அவருடைய உதடுகள் அப்போது முணுமுணுத்தது "முருகா, முருகா" என்றுதான். பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரீ கண்மூடித் தம் ஜெபத்தைத் தொடர்ந்தார்.

பிறகு அத்தை அந்தச் சரத்தில் பாதியைக் கிள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, அதைப் பூசை அறையில் வேலின் அடியில் வைத்து விளக்கேற்றினார்.