குருப்பட்டத்துக்கு நாள் குறிக்க முன் ஞானஸ்நானப் புத்தகத்தைத் தேடுங்கள்

எங்கள் பங்குப் பிள்ளையின் குருப்பட்டம், அதாவது கத்தோலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தும் சடங்கு, ஒருவாறு நடந்து முடிந்தது. அருட்பணிச்சபையில் ஓடித் திரிந்தவர்களுக்கு இன்னும் கால் உளைவு ஆறவில்லை. அடுத்து எந்தப் பங்கில் பட்டம் வருகிறதோ அவர்களுக்காக, பிழைத்த இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

கூட மினக்கெட்டது ஞானஸ்நானப் பத்திரத்தில்தான். இதைக் குருப்பட்டத்துக்கு முன் எடுத்தால் போதும் என்று இருந்துவிட்டோம். பிழை. திருச்சபைச் சட்டம் 1050இன்படி ஞானஸ்நானம், உறுதிபூசுதல், வாசகர், பீடத்துணைவர் என்ற பணிகள் பெற்றதற்கான அத்தாட்சிகள், குருப்பட்டத்துக்கு முந்திய படியான தியாக்கோன் பட்டத்துக்கே வேண்டும். பிறகு குருப்பட்டத்துக்குக் குறைந்தது 6 மாத இடைவெளி, 25 வயது நிறைவு என்பதெல்லாம் குருமடத்தார் பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் லமினேற் பண்ணி வைத்திருக்கும் பழைய பத்திரம் உதவாது. ஞானஸ்நானம் நடந்ததா என்பதை மட்டுமல்ல, பதிவேட்டின் ஓரக் குறிப்பையும் பார்ப்பார்கள். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாம் அந்த ஓரத்தில்தான் ஏறும். ஆகவே குறிப்புகளோடு புதிதாக எடுக்கவேண்டும், அதுவும் ஞானஸ்நானம் கொடுத்த பங்கில். எந்தப் பங்கு? 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும், பிறகு வன்னிக்கும் போன குடும்பங்களில் தாய் ஒரு கோயிலைச் சொல்லுவார், பெரியம்மா இன்னொன்றைச் சொல்லுவார். முதலில் போன இடத்தில் அந்த ஆண்டுப் புத்தகமே இல்லை. “புத்தகம் இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது” என்று அங்கிருந்தவர் கதவைச் சாத்தாத குறை. உண்மை அதுவல்ல. யாருக்கும் பாதகமில்லாதவிடத்து ஐயத்துக்கிடமில்லாத ஒரேயொரு சாட்சியின் வாக்குமூலம் போதும் என்கிறது சட்டம் 876. இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

கடைசியில் இடத்தைக் காட்டித் தந்தது ஞானத்தாயின் பழைய படம். பின்னால் தெரிந்த பீடத்தைக் கண்டதும் மூப்பர் கோயிலைச் சொல்லிவிட்டார். புத்தகமும் இருந்தது. ஆனால் பெயர் ‘அந்தோனி’. பிறப்பு அத்தாட்சியில் ‘அன்ரன்’. எழுதியதை வெட்டித் திருத்த யாரையும் விடாதீர்கள். பிறப்பு அத்தாட்சிப் பிரதியோடு பங்குத்தந்தை மூலம் ஆயர் இல்லத்துக்கு எழுதி, அனுமதி வந்தபின் ஓரத்தில் குறிப்பிடுவதே முறை.

பந்தல், மேளம், சாப்பாடு, 5 நாள் தியானம் எல்லாம் குறையில்லாமல் நடந்தன.

திருப்பலியில் பிழைத்தது மௌனம். பட்டம் பெறுபவரின் தலையில் ஆயர் கைகளை வைத்தபின் வந்திருக்கும் குருக்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வைப்பார்கள். 80 பேர் என்றால் பத்து நிமிடம்வரை ஓடும். ஒருவரும் பேசாத அந்த நேரத்தைப் பாடகர் குழு வெற்றிடம் என்று நினைத்துப் பாட்டைத் தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கிக்காரரிடமும் பாடகர் குழுவிடமும் முதல் நாளே சொல்லிவையுங்கள். கைகளை வைப்பதும் அதன்பின் வரும் திருநிலைப்பாட்டுச் செபமும்தான் பட்டத்தின் உயிர் என்று 1947இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் தீர்த்துவைத்தார். தைலம் பூசுவதும் அப்பமும் இரசமும் கையில் கொடுப்பதும் அதை விளக்கும் சடங்குகள். படமெடுப்பவர்களோ தைலத்துக்குத்தான் முண்டியடிக்கிறார்கள்.

புனிதர் பிரார்த்தனையில் இன்னொரு குழப்பம். பட்டம் பெறுபவர் குப்புற விழுந்திருக்க, ஞாயிறுகளிலும் பாஸ்கா (உயிர்ப்பு) காலத்திலும் சனங்கள் நிற்கவேண்டும். மற்ற நாளில் முழங்கால். எங்கள் அறிவிப்பாளர் ஞாயிறன்று முழங்காலில் நிற்கச் சொல்லிவிட்டார், பாதிப்பேர் இருந்தே விட்டார்கள். கீழே விரிப்பதையும் கவனியுங்கள். வாடகைச் சிவப்புக் கம்பளத்தை ஈரத்தோடு விரித்ததில் வெள்ளை அங்கியின் முன்பக்கம் முழுக்கச் சாயம். மேலே பூசை உடுப்பு வந்ததால் மானம் தப்பியது.

கைகளில் பூசும் கிறிஸ்மா தைலம் என்ற எண்ணெய் வெறுந்தண்ணீருக்குப் போகாது. நாலாக வெட்டிய தேசிக்காய், ஒரு துண்டுப் பாண், சவர்க்காரம், இரண்டு துவாய் பீடத்தருகே இருக்கட்டும். எங்களிடம் தேசிக்காய் இருந்தது, வெட்டக் கத்தி இல்லை!

முதல் நன்றித் திருப்பலி முடிந்து சனங்கள் புதுச்சுவாமியின் கைகளை முத்திசெய்த கையோடு பாவசங்கீர்த்தனத்துக்கும் (பாவ அறிக்கை) வரிசை கட்டினார்கள். பட்டம் கிடைத்தவுடன் அதைக் கேட்கமுடியாது, தனி அதிகாரம் வேண்டும். மச்சாளின் கலியாணத்தை ஆசீர்வதிக்கவும் அது நடக்கும் பங்கின் பங்குத்தந்தையின் அனுமதி தேவை. வீட்டாருக்கு முன்பே சொல்லாவிட்டால் மனத்தாங்கல் வரும்.

பந்தல் கழற்றியபின் மறக்கும் அலுவல் ஒன்று: சட்டம் 1054இன்படி, பட்டம் பெற்ற செய்தி ஞானஸ்நானம் நடந்த பங்குக்குப் போய் அந்தப் புத்தகத்தில் ஏறவேண்டும். இரண்டு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தோம். ‘அந்தோனி’க்குப் பக்கத்து ஓரத்தில், புது மையில், ‘அன்ரன்’ என்றே எழுதியிருந்தது.