போன பருவம் ஆலா என்ன தின்றது?

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கடல்பறவை ஆராய்ச்சியை எதற்குப் படிக்கிறாய் என்று கேட்கிறார்கள். கடல் ஒன்றும் அவ்வளவு தூரமில்லை, தேவகோட்டை தாண்டிக் கிழக்கே போனால் தொண்டி. அங்கே ஆலா என்னும் கடல்பறவை அந்தரத்தில் நின்று குறிபார்த்து, தலைகீழாக விழுந்து, எதையோ கவ்வி விழுங்கிவிடும். நெத்திலியா மத்திக் குஞ்சா, கரையில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்?

பழைய வழி, குஞ்சு கக்கியதைக் கிளறிப் பார்ப்பது. மீனின் காதுக்கல்லும் கணவாயின் அலகும் வயிற்றில் எளிதில் கரையாது, அதனால் கணக்கில் வந்துவிடும். ஜெல்லி மீன் சுவடே இல்லாமல் போய்விடும். அதோடு, இதில் தெரிவது கடைசியாகத் தின்றது மட்டும்தான்.

இப்போது இறகையே கேட்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவைத்து, பொடியாக நறுக்கி, ஒரு மில்லிகிராம்கூடத் தேறாத துணுக்கைக் குட்டித் தகரக் குப்பியில் போட்டு மடித்து எரிக்கிறார்கள். கார்பனிலும் நைட்ரஜனிலும் சற்றே கனமான அணுவகை உண்டு, கார்பன்-13, நைட்ரஜன்-15; வரும் வாயுவில் அவை எவ்வளவு என்று நிறை நிறமாலைக் கருவி சொல்லிவிடும். உடம்பு லேசான நைட்ரஜனைக் கழிவில் கூடுதலாக வெளியேற்றும், கனமானது தங்கும், ஆகவே தின்றதைவிடத் தின்னியிடம் நைட்ரஜன்-15 ஆயிரத்துக்கு 3, 4 பங்கு கூடியிருக்கும்; சின்னதைப் பெரியது தின்னும் வரிசையில் மேலே போகப் போக எண் ஏறும். கார்பன், இரை கரையோரத்ததா ஆழ்கடலினதா என்று காட்டும். இறகு வளர்ந்து முடிந்தபின் மாறாது, அதனால் அது முளைத்த பருவத்துச் சாப்பாடு அப்படியே நிற்கும், பறவை அப்போது எந்தக் கடலில் திரிந்திருந்தாலும் சரி. ரத்தம் என்றால் சில நாள், சில வாரக் கணக்கு. எலும்பு என்றால் வருஷக் கணக்கு.

இதைச் சொன்னதும் அப்பத்தா, "இறகைக் குடுத்தா என்ன மீனுன்னு சொல்லிருமா?" என்றார்.

"மீன் பேரு சொல்லாது அப்பத்தா, பெரிய மீனா சின்ன மீனான்னு சொல்லும்."

"அதுக்கா இம்புட்டுச் செலவு?"

கேள்வி நியாயம்தான். இந்த முறையை மந்திரம் மாதிரி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடலுக்குக் கடல் அடிமட்டப் பாசியிலேயே அளவு வேறுபடும்; அந்தந்த இடத்து மீனையும் இறாலையும் அளந்து வைக்காமல் இறகின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே எண் இரண்டு கடலில் இரண்டு சாப்பாட்டைக் குறிக்கலாம். அதனால் கக்கியதைக் கிளறும் வேலை இன்னும் ஓயவில்லை. (நம் கதையும் இப்படித்தான்: சோளம், கம்பு, கேழ்வரகில் கார்பன்-13 அரிசியைவிடத் தெளிவாகக் கூடுதல். எது அதிகம் தின்றோம் என்று தலைமுடி சொல்லும், குழம்பு வைத்தது யார் என்று சொல்லாது.)

ஆனால் காலத்தைத் தாண்டிப் பார்க்க இதற்கு இணை கிடையாது. அண்டார்டிகாவில் அடேலி பென்குயின்களின் முட்டை ஓடுகளை, 38,000 வருஷம் பழையது வரை, இப்படி அளந்து 2007இல் வெளியிட்டார்கள். கடைசி 200 வருஷத்துக்குள் நைட்ரஜன்-15 சட்டென்று இறங்கியிருக்கிறது, அதாவது மீனைக் குறைத்துக்கொண்டு க்ரில் என்னும் கூனிப்பொடி பக்கம் சாய்ந்திருக்கின்றன. திமிங்கலத்தையும் சீல் என்னும் கடல்நாயையும் மனிதன் கொன்று குவித்ததில், அவை தின்றிருக்க வேண்டிய க்ரில் மிஞ்சிப்போனதுதான் காரணம் என்பது அவர்கள் கருத்து. எனக்கும் பொருத்தமாகத்தான் படுகிறது. ஆனால் ஓட்டில் இருப்பது சாப்பாடு மாறிய செய்தி மட்டும்தான், திமிங்கலக் கதை ஆராய்ச்சிக்காரர்கள் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தது.