ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு: சர்வீஸ் ஓட மறுத்தால் எங்கிருந்து தொடங்குவது

ஆர்எச்சிஎஸ்ஏ என்பது லினக்ஸ் மெஷினை நிர்வகிக்கத் தெரியும் என்பதற்கு ரெட் ஹேட் தரும் சான்றிதழ், அதற்கான தேர்வுதான் இஎக்ஸ்200. அதை எழுதப் போகிறவர்கள் பலர் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரிப்பது), யூசர், கிரான் (நேரம் குறித்து வேலை ஓட்டுவது) எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருப்பார்கள். ஆனால் ஏற்கெனவே யாரோ கெடுத்து வைத்த ஒரு சர்வீஸை, அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராமை, சரிசெய்யச் சொன்னால் தடுமாறிவிடுகிறார்கள். தேர்வில் எனக்கு வந்த கேள்விகளைச் சொல்ல மாட்டேன், வெளியிட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் அங்கே உட்காருகிறோம். வீட்டு விஎம்மில் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் மெஷினில்) எப்படிப் பயிற்சி எடுத்தேன் என்பதைத் தாராளமாகச் சொல்லலாம்.

நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கிற தேர்வு இல்லை இது. மூன்று மணி நேரம், நிஜமான மெஷின், இணையம் கிடையாது, 300க்கு 210 எடுத்தால் பாஸ். எந்த கமாண்டைப் போட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, ரீபூட் ஆன பிறகும் அது வேலை செய்கிறதா என்பதுதான் கணக்கு.

சர்வீஸ் ஃபெயில் ஆகிக் கிடப்பதைப் பார்த்ததும் கை நேராக ரீஸ்டார்ட்டுக்குத்தான் போகும். தயவுசெய்து போகவிடாதீர்கள். பத்து வினாடிக்குள் ஐந்து தடவைக்கு மேல் ஸ்டார்ட் ஆகப் பார்த்தால், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதற்கப்புறம் முயற்சி செய்யவே விடாது, வழக்கமான செட்டிங் அப்படி. அந்த மறுப்புச் செய்தி கடைசியில் வந்து நிற்க, உண்மையான பிழை மேலே போய்விடும். சிஸ்டம்சிடிஎல் கமாண்டில் ரீசெட்-ஃபெயில்டு போட்டால் அந்தக் கணக்கு அழியும், ஆனால் அதற்கு முன்னால் படியுங்கள்.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டதும் 'லோடட்' வரியைப் பாருங்கள். யூனிட் ஃபைல் (சர்வீஸை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) எந்த இடத்திலிருந்து வருகிறது, எனேபிள் (பூட்டில் தானாக ஓடும்படி) ஆகியிருக்கிறதா, மாஸ்க் (ஸ்டார்ட்டே ஆகாதபடி) பண்ணி வைத்திருக்கிறார்களா என்று மூன்று விஷயத்தையும் அது ஒரே வரியில் சொல்லிவிடும். ஃபைல் ஈடிசி டைரக்டரியின் கீழிருந்து வந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். சிஸ்டம்சிடிஎல் கேட் போட்டால் மேலே ஒட்டிய ஓவர்ரைடு வரிகளும் சேர்ந்து தெரியும். எக்ஸிட் கோடு 203 என்றால் இயக்க வேண்டிய ஃபைலின் பாத் தப்பு, அல்லது அதற்கு எக்ஸிக்யூட் அனுமதி இல்லை. 217 என்றால் யூனிட்டில் எழுதியிருக்கும் யூசரே மெஷினில் இல்லை. 200 என்றால் வொர்க்கிங் டைரக்டரிக்குள் போக முடியவில்லை. இந்த மூன்று எண்ணும் மனதில் நிற்கட்டும். யூனிட்டைக் கையால் திருத்தினால் டீமன்-ரீலோடு போட வேண்டும், இல்லையென்றால் பழைய யூனிட்டே ஓடும்.

இப்போது நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிற ஒரு பயிற்சி. எச்டிடிபிடி-யின், அதாவது அப்பாச்சி வெப் சர்வரின், கான்ஃபிக்கில் லிஸன் போர்ட்டை 82 என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள், விழுந்துவிடும். கான்ஃபிக் டெஸ்ட் ஓட்டினால் 'சின்டாக்ஸ் ஓகே' என்று வரும். ஜர்னலில் (சிஸ்டம்டியின் பதிவேட்டில்) ஏஎச்00072 என்ற எண்ணோடு, 82க்கு பைண்டு ஆக (போர்ட்டைப் பிடிக்க) முடியவில்லை, பர்மிஷன் டினைட் என்று இருக்கும். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணை விடாதீர்கள். 98 என்றால் போர்ட்டை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள், எஸ்எஸ் கமாண்டில் ஆள் யாரென்று தெரியும். 13 என்றால் அனுமதி இல்லை. ரூட்டாக ஸ்டார்ட் ஆகிற ஒரு சர்வீஸுக்கே அனுமதி இல்லை என்றால் எஸ்இலினக்ஸைத்தான் (ரூட்டையும் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு) முதலில் சந்தேகப்பட வேண்டும், ஃபைல் அனுமதியை மாற்றும் சிஎச்மோடு போட்டுப் பயனில்லை.

எஸ்இலினக்ஸ் விதிகளை மாற்றும் கமாண்ட் செமனேஜ். அதன் போர்ட் பட்டியலில் எச்டிடிபி போர்ட் டைப்பைத் தேடினால் 80, 81, 443, 488, 8008, 8009, 8443, 9000 இருக்கும், 82 இருக்காது. சேர்க்க வேண்டிய கமாண்டை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. செமனேஜ்-போர்ட் மேன் பேஜின் (மெஷினிலேயே இருக்கும் உதவிப் பக்கத்தின்) கடைசியில் அப்பாச்சிக்கு 81ஐத் திறக்கும் உதாரணமே கொடுத்திருக்கிறார்கள், அதை எடுத்து எண்ணை மட்டும் மாற்றினால் போதும். தேர்விலும் மேன் பேஜ் கையில் இருக்கும். எஸ்இலினக்ஸ்தான் காரணமா என்று உறுதி செய்யக் கொஞ்ச நேரம் பெர்மிஸிவ் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) ஆக்கிப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் பார்த்த கையோடு என்ஃபோர்ஸிங் ஆக்கிவிட வேண்டும்.

சர்வீஸ் ஓட ஆரம்பித்ததும் அதே மெஷினில் கர்ல் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுகிறார்கள். ஃபயர்வால் மூடியிருந்தாலும் உள்ளிருந்து பார்த்தால் பக்கம் வரும். ஃபயர்வாலில் எச்டிடிபி சர்வீஸைச் சேர்த்தால் 80 மட்டும்தான் திறக்கும், 82ஐத் தனியாக, பெர்மனென்ட்டாகச் சேர்த்து ரீலோடு செய்ய வேண்டும். அப்புறம் இன்னொரு மெஷினிலிருந்து சோதியுங்கள்.

சர்வர் பதில் தந்தும் 403 (பார்க்க அனுமதி இல்லை) காட்டினால், எஸ்இலினக்ஸ் ஃபைலுக்கு ஒட்டும் லேபிளைப் பாருங்கள். ரூட்டின் ஹோமில் உருவாக்கி எம்வி செய்த (நகர்த்திய) ஃபைல் பழைய லேபிளோடுதான் வந்து சேரும். ரெஸ்டோர்கான் அதைச் சரிசெய்துவிடும். லேபிளை நேரடியாக மாற்றும் சிஎச்கான் அந்த நேரத்துக்குத் தாங்கினாலும் ரீலேபிள் ஆனால் போய்விடும், அதனால் தனி டைரக்டரிக்கு செமனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் எழுதிப் பழகுங்கள்.

விஎம்முக்கு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, கூடப் படிக்கிறவரிடம் கொடுத்து ஏதாவது ஒன்றைக் கெடுக்கச் சொல்லுங்கள். நாமே கெடுத்தால் விடை முன்கூட்டியே தெரிந்துவிடும், தேடுகிற பழக்கம் வராது. எஸ்எஸ்எச்சில் கை வைத்தால் மட்டும் ரீஸ்டார்ட்டுக்கு முன் கான்ஃபிக்கைச் சோதிக்கும் எஸ்எஸ்எச்டி மைனஸ் டி ஓட்டிவிடுங்கள்.

தேர்வில் எல்லாம் முடிந்ததும் இருபது நிமிடமாவது மிச்சம் வைத்து ஒரு முறை ரீபூட் செய்யுங்கள். எனேபிள் பண்ண மறந்தது, ஃபயர்வாலில் பெர்மனென்ட் விட்டுப்போனது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். எஃப்எஸ்டேபில் (பூட்டில் எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் ஃபைலில்) ஒரு வரி தப்பாகி மெஷின் எமர்ஜென்சி மோடுக்குப் போனாலும், உட்கார்ந்து திருத்த அந்த இருபது நிமிடம் போதும்.