செனட்டர் இல்லை என்பதே சரியான விடை

நான் போன 2022இல் அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்கு நூறு கேள்விகள் உள்ள ஒரு பட்டியலைப் படித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதிலிருந்து பத்து கேட்பார்கள், ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதும் என்பது அப்போதைய விதி. இருபதாவது கேள்வி, உங்கள் மாநிலத்தின் செனட்டர்களில் ஒருவருடைய பெயர் என்ன என்பது. நியூஜெர்ஸியில் இருக்கும் என் கல்லூரி நண்பன் ஒரு பெயரை மனப்பாடம் செய்தான். நான் இருப்பது புவேர்ட்டோ ரிக்கோ, அமெரிக்காவின் கையில் இருக்கும், ஆனால் மாநிலம் அல்லாத கரிபியன் தீவு. விடைத்தாளில் அந்தக் கேள்விக்குக் கீழே எங்களுக்கென்று தனியாக ஒரு குறிப்பு போட்டிருந்தார்கள்: பிரதேசங்களில் வசிப்பவர்கள் ‘எங்களுக்குச் செனட்டர் இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

2022இல் அதிகாரி என்னிடம் அதைக் கேட்கவே கேட்டார். “இல்லை” என்றேன். “சரி” என்று டிக் அடித்தார். இல்லாததைச் சொல்லி மார்க் வாங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நான் இந்தத் தீவுக்கு வந்தது 2017 ஜனவரியில். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் நியூஜெர்ஸி. மருந்து ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. மனாத்தியில் இருக்கும் ஆலைக்கு மாற்றினார்கள். “வெளிநாட்டுக்கா?” என்று அம்மா கேட்டாள். “இல்லம்மா, இதுவும் அமெரிக்காதான்” என்றேன். அப்போது அவ்வளவுதான் தெரியும்.

நெவார்க்கிலிருந்து வரும் விமானம் உள்நாட்டு விமானம், பாஸ்போர்ட் வேண்டாம். சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் முழுக்கக் கைதட்டியது. ஏதோ ஆபத்திலிருந்து தப்பித்துவிட்டோம் என்று நினைத்துப் பயந்தேன். இங்கே அது வழக்கம், ஊர் வந்துவிட்ட சந்தோஷம். திரும்பிப் போகும்போதுதான் இன்னொரு வேடிக்கை. சான் ஹுவான் விமான நிலையத்தில் உள்ளே நுழைந்ததும் விவசாயத் துறைக்காரர்கள் பெட்டியை எக்ஸ்ரேயில் விட்டுப் பார்க்கிறார்கள். கீழ்வீட்டு அம்மா கொடுத்தனுப்பிய நாலு மாம்பழம் அங்கேயே போயிற்று. மனிதனுக்கு இல்லாத எல்லை மாம்பழத்துக்கு இருக்கிறது.

சாலையில் தூரப் பலகைகள் கிலோமீட்டரில், வேகப் பலகைகள் மைலில். பெட்ரோல் லிட்டர் கணக்கு. முதல் மாதம் காரை ஓட்டிக்கொண்டே மனக்கணக்குப் போட்டேன். பிறகுதான் புரிந்தது, இந்தத் தீவின் அரசியலும் அந்தப் பலகைகளைப் போலத்தான். ஸ்பெயின் பாதி, அமெரிக்கா பாதி.

சாப்பாட்டில் கஷ்டம் இல்லை. இவர்களுடைய கொண்டாட்டச் சோறு ‘அர்ரோஸ் கோன் கந்தூலெஸ்’. கந்தூலெஸ் என்ன என்று பார்த்தால் நம் பச்சைத் துவரை! டிசம்பரில் சந்தையில் உரித்து வைத்து விற்கிறார்கள். சாம்பார் பொடிதான் பிரச்சினை. இணையக் கடைகளில் ‘அமெரிக்கா முழுவதும் இலவச டெலிவரி’ என்று போட்டிருப்பார்கள். முகவரியைத் தட்டினதும் ‘உங்கள் பகுதிக்கு அனுப்புவதில்லை’ என்று வரும். தபால் துறைக்கு நாங்கள் உள்நாடு, கடைக்காரருக்கு வெளிநாடு. இது அப்படியே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரில் அமெரிக்கா இந்தத் தீவை எடுத்துக்கொண்டது. இதை என்னவென்று வைத்துக்கொள்வது என்று வழக்கு வந்தபோது, 1901இல் ஒரு நீதிபதி எழுதினார்: சர்வதேச நோக்கில் இது அந்நிய நாடு அல்ல, ஆனால் உள்நாட்டு நோக்கில் அமெரிக்காவுக்கு அந்நியம். சாம்பார் பொடிக்காரர் அதைத்தான் கடைப்பிடிக்கிறார்.

1917இல் தீவுக்காரர்களுக்குக் குடியுரிமை வந்தது. 1952இல் சொந்த அரசியல் சட்டம் வந்தது, ஒரு பெயரும் வந்தது. ஸ்பானிஷில் அதன் பொருள் ‘இணைந்த சுதந்திர மாநிலம்’. “இணைப்பும் இல்லை, சுதந்திரமும் இல்லை, மாநிலமும் இல்லை, பெயர் மட்டும் நீளம்” என்று எங்கள் ஆலைக் காவலாளி சொல்வார். பழைய ஜோக்தான், தீவில் எல்லோரும் சொல்வது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவர் தானே கண்டுபிடித்த மாதிரி சிரிப்பார்.

நான் பாண்டிச்சேரிக்காரன். இந்த விவகாரம் எனக்குப் புதிதல்ல. யூனியன் பிரதேசத்தில் பிறந்தவனுக்கு ‘மாநில அந்தஸ்து’ என்ற சொல் தாலாட்டோடு காதில் விழும். எந்தக் கட்சி வந்தாலும் சட்டசபையில் தீர்மானம் போடுவார்கள், தில்லி போவார்கள், வெறுங்கையோடு திரும்புவார்கள். ஆனால் பாண்டிச்சேரிக்கு ஓட்டுரிமை உள்ள எம்.பி. உண்டு. இங்கே இருப்பவருக்கு ‘ரெசிடெண்ட் கமிஷனர்’ என்று பெயர். பிரதிநிதிகள் சபையில் உட்காரலாம், பேசலாம், இறுதி வாக்கெடுப்பில் கை தூக்க முடியாது. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்துக்கு அவர் ஒருவர்தான். ஜனாதிபதி தேர்தலிலும் ஓட்டு இல்லை.

எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் வியட்நாம் போருக்குப் போனவர். காலில் தழும்பு உண்டு. என்னை “வெசினோ” என்றுதான் கூப்பிடுவார், பக்கத்து வீட்டுக்காரரே என்று அர்த்தம். “என்னைப் போருக்கு அனுப்பின ஜனாதிபதிக்கு நான் ஓட்டுப் போடவும் இல்லை, எதிராகப் போடவும் இல்லை” என்பார். பனைமரச் சின்னம் போட்ட புதிய முற்போக்குக் கட்சி அவர், அதாவது 51ஆவது மாநிலம் ஆக வேண்டும் என்கிற கூட்டம். அவருடைய மனைவி வைக்கோல் தொப்பிச் சின்னக்காரி. இருக்கிற ஏற்பாட்டையே மேம்படுத்தினால் போதும் என்கிற மக்கள் ஜனநாயகக் கட்சி. ஐம்பது வருஷத் தாம்பத்தியத்தில் தேர்தல் நாளன்று மட்டும் காலைக் காபியை அவரவரே போட்டுக்கொள்வார்களாம்.

அந்தப் பெரியவருக்கு ஒரு பிறந்தநாளன்று தீவின் கொடி வாங்கிக்கொண்டு போனேன். பார்த்தார், நன்றி சொன்னார், மடித்து வைத்துவிட்டார். என்ன தப்பு என்று மறுநாள் அந்த அம்மாதான் விளக்கினார்: நான் வாங்கியதில் முக்கோணம் வெளிர்நீலம். அது சுதந்திரம் கேட்பவர்கள் பிடிக்கும் நிறம். மாநிலம் கேட்பவர்களுக்குக் கருநீலம், அமெரிக்கக் கொடியில் இருக்கிற அதே நீலம். 1948இல் வந்த ஒரு சட்டப்படி இந்தக் கொடியை வீட்டில் வைத்திருந்தாலே சிறை. 1957 வரை அந்தச் சட்டம் இருந்தது. துணிக்கடையில் நீலம் என்றால் நீலம்தானே என்று எடுத்து வந்த என் அறியாமையை என்ன சொல்ல. கட்சிக் கரை பார்த்து வேட்டி எடுக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான்!

வந்து ஒன்பது மாதத்தில் மரியா புயல். 2017 செப்டம்பர் 20. 2011இல் பாண்டிச்சேரிப் பக்கம் அடித்த ‘தானே’ புயலை வீட்டில் எல்லோரும் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சமயம் நான் ஊரில் இல்லை, அதனால் இவ்வளவு பெரிய புயலை நான் நேரில் பார்த்தது இதுதான் முதல் தடவை. தீவு முழுக்க மின்சாரம் போனது. எங்கள் தெருவுக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. மலைப்பக்கத்துக் கடைசி வீடுகளுக்குப் பத்து மாதத்துக்கும் மேல். ஜெனரேட்டரை இங்கே ‘பிளாண்டா’ என்பார்கள். ஒரு வீட்டுப் பிளாண்டாவில் நாலு வீட்டு மருந்து குளிர்ந்தது. இறந்தவர்கள் 64 பேர் என்று அரசு மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் ஆய்வு வந்த பிறகு எண்ணிக்கை 2,975 ஆனது. இதில் இன்னொன்று: அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இங்கே சரக்கு கொண்டுவரும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கக் கொடியுடையதாக இருக்க வேண்டும் என்பது 1920ஆம் வருஷத்துச் சட்டம். தீவே இருட்டில் கிடந்தபோது அதைத் தளர்த்தியது பத்து நாளைக்கு.

அதுவரை மாநிலக் கட்சியும் தொப்பிக் கட்சியும் எனக்கு வேடிக்கைதான். அதற்குப் பிறகு இல்லை. இரண்டு செனட்டர் இருந்திருந்தால் பத்து நாள் என்பது பத்து மாதம் ஆகியிருக்குமா என்று பெரியவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

மாநிலமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. வரி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் சம்பாதிக்கும் பணத்துக்குப் பெரும்பாலோர் கூட்டாட்சி வருமான வரி கட்டுவதில்லை, உள்ளூர் வரிதான். அதனால்தான் அமெரிக்கப் பணக்காரர்கள் இங்கே வந்து வீடு வாங்குகிறார்கள், 2012இல் அவர்களுக்கென்றே சலுகைச் சட்டமும் வந்தது. எங்கள் மருந்து ஆலைகள் வந்ததும் இப்படி ஒரு வரிச்சலுகையால்தான். அது 1996இலிருந்து பத்து வருஷத்தில் படிப்படியாக எடுக்கப்பட்டது. நிறைய ஆலை மூடியது. மிச்சத்தில் ஒன்றில் நான் சம்பளம் வாங்குகிறேன். கடன் ஏறி, 7,000 கோடி டாலரைத் தாண்டியபோது, 2016இல் வாஷிங்டன் ஒரு மேற்பார்வை வாரியத்தை நியமித்தது. ஓட்டு வாங்கி வந்த ஆளுநரின் பட்ஜெட்டை ஓட்டு வாங்காத வாரிய உறுப்பினர்கள் திருத்துவார்கள். அந்த வாரியத்தை ‘லா ஹுந்தா’ என்று சொல்லும்போதே ஜனங்கள் முகத்தைச் சுளிப்பார்கள். துணைநிலை ஆளுநர் கோப்பைத் திருப்பி அனுப்பும் செய்தியைக் காலைக் காபியோடு படித்து வளர்ந்தவனுக்கு அந்த முகச்சுளிப்பை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

நான் குடியுரிமை வாங்கிய அதே 2022இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஹோசே லூயிஸ் வாயெல்லோ மதேரோ என்பவர் நியூயார்க்கில் இருந்தபோது உடல் முடியாதவர்களுக்கான மாத உதவித்தொகை வாங்கினார். பிறகு தீவுக்கு, லோயீசாவுக்குக் குடிவந்தார். உதவித்தொகை தீவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. வந்த பிறகு வாங்கிய 28,081 டாலரைத் திருப்பிக் கொடு என்று அரசே வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம், தீவுக்காரர்களுக்கு அந்தத் தொகை கொடுக்காமல் இருப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்றது. எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம். எதிர்த்தவர் ஒருவர், புவேர்ட்டோ ரிக்கப் பெற்றோருக்குப் பிறந்த சோனியா சோட்டோமேயர். ஆக, பணக்காரன் முகவரி மாற்றினால் வரி குறைகிறது, நோயாளி மாற்றினால் கஞ்சி போகிறது. குடியுரிமை மனிதனோடு வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது வீட்டு எண்ணோடு ஒட்டியிருக்கிறது.

எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் ஒரு சொல்தா வீடு உண்டு. அந்தத் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962இல் ஊர் இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம். பாரிஸைப் பார்க்காத அவருடைய மகன் பாண்டிச்சேரியிலேயே பிரெஞ்சு ஜனாதிபதி தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார். பிரான்ஸ் விட்டுப்போன இடத்திலிருந்து அது நடக்கிறது. அமெரிக்கா விடாமல் பிடித்திருக்கும் இடத்திலிருந்து நடப்பதில்லை. என் நண்பன் நாளைக்கு நியூஜெர்ஸியை விட்டுப் பாண்டிச்சேரியில் போய்க் குடியேறினாலும் தபாலில் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடலாம். இங்கே மனாத்தியில் குடியேறினால் முடியாது.

பொதுவாக்கெடுப்பு நடக்காமல் இல்லை. 1967இலிருந்து 2024 வரை ஏழு. 1998இல் ‘மேற்கண்ட எதுவும் இல்லை’ என்பதே பாதிக்கு மேல் வாங்கி ஜெயித்தது. 2017இல் மாநிலத்துக்கு 97 சதவீதம். மற்றவர்கள் புறக்கணித்ததால் ஓட்டுப் போட வந்தவர்கள் 23 சதவீதம். 2020இல் 52 சொச்சம். எதுவும் வாஷிங்டனைக் கட்டுப்படுத்தாது. 2022 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை கட்டுப்படுத்தும் வாக்கெடுப்புக்கென்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது, செனட்டில் அது ஏறவே இல்லை. பதில் எழுதி எழுதித் தாளைத் தீர்க்கிறார்கள், திருத்துவதற்கு ஆள் இல்லை.

பெரியவரின் பேரன் பொறியியல் படிக்கிறான், சுதந்திரக் கட்சி. மாநிலமானால் ஒலிம்பிக் அணி போகும் என்பான். 2016இல் டென்னிஸ் வீராங்கனை மோனிகா புய்க் வாங்கியது தீவின் முதல் தங்கம். அந்த இரவைப் பற்றிப் பேசும்போது மூன்று கட்சியும் ஒரே குரலில் பேசும். பள்ளியில் ஸ்பானிஷ் என்ன ஆகும் என்றும் கேட்பான். அந்தக் கேள்விக்கு நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன், என் ரத்தத்தில் அது இல்லை. அவன் அக்கா ஆர்லாண்டோவில் இருக்கிறாள். அவளுக்கு ஜனாதிபதி ஓட்டு உண்டு. தாத்தாவுக்காகவும் சேர்த்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் போடுவாள்.

2024 தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு, நியூயார்க்கில் ஒரு பிரசாரக் கூட்டத்தில் நகைச்சுவை நடிகர் ஒருவர் இந்தத் தீவை மிதக்கும் குப்பை என்றார். மறுநாள் ஆலையில் யாரும் சிரிக்கவில்லை. நவம்பர் 5 காலையில் வரிசையில் நின்றேன். பனைமரம் ஆளுநர் பதவியைப் பிடித்தது. அதைவிட, சுதந்திரக் கட்சி இரண்டாம் இடத்துக்கு வந்ததுதான் தெருவில் பேச்சு. பொதுவாக்கெடுப்பில் மாநிலம் மறுபடியும் பாதியைத் தாண்டியது. நான் எதில் போட்டேன் என்பதைக் கீழ்வீட்டில் இருவருக்கும் சொல்லவில்லை, எனக்குக் காபி இரண்டு பக்கமும் வேண்டும்.

அந்த முறை முதல் தடவையாக ஜனாதிபதி வேட்பாளர்களின் பெயரும் சீட்டில் இருந்தது. அடையாளத்துக்கு மட்டும். கணக்கில் வராது என்று தெரிந்தும் அந்த வட்டத்தைத்தான் அதிக நேரம் எடுத்து, பிசிறு இல்லாமல் நிரப்பினேன்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“ஜனாதிபதிக்குப் போட்டியாடா?”

“போட்டேம்ப்பா.”

“உங்களுக்குத்தான் இல்லைன்னியே. எண்ணுவாங்களா?”

“எண்ணுவாங்க. சேர்க்க மாட்டாங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் சொல்தா வீட்டு வானொலி கேட்டது.

“சரி, அங்க கரண்டு இருக்கா?”

“இப்ப இருக்குப்பா” என்றேன்.