கரண்டி பிடித்தவர் சொல்வதுதான்

காலை ஆறு மணிக்கு மதுரை என்று சொல்லித்தான் சென்னையில் பஸ் ஏற்றினார்கள். மாட்டுத்தாவணியில் இறக்கிவிட்டபோது மணி நாலேகால். சீக்கிரம் கொண்டுவந்து விட்டதற்காக யாரிடம் போய்ச் சண்டை போடுவது? டவுன்ஹால் ரோட்டு லாட்ஜில் எட்டு மணிக்குத்தான் அறை காலியாகும் என்றார்கள். மாலையில் திருமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, அதுவரை வேலை எதுவும் இல்லை. பையை அங்கேயே போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காக விரியும் வீதிகளில் வழி தவறுவது கஷ்டம். ஆனால் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே மாரட், பெருமாள் மேஸ்திரி என்று கொஞ்சமும் ஒட்டாத இரண்டு பெயர்கள் வரும். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது அந்த வேலையில் உடன் நின்றவர்களின் பெயர்கள் அவை. தமிழ் மாதங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரரும் ஒரு மேஸ்திரியும் துண்டு போட்டு இடம் பிடித்திருப்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

மேல மாசி வீதியில் ஒரு தள்ளுவண்டி. அதன் மேல் பெரிய பாத்திரம், மூடியைத் திறந்ததும் சுக்கு வாசனை. பருத்திப்பால். அறுபது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு.

"ஒரு கிளாஸ் குடுங்கம்மா. இனிப்பு மட்டும் கொஞ்சம் கம்மியா."

"கருப்பட்டியப் போட்டுக் காச்சியாச்சு. இனிமே அத எங்கிட்டுத் தனியா எடுக்கிறது? குடிங்கய்யா, ஒண்ணும் செய்யாது."

பார்ப்பதற்குத் தண்ணியான கஞ்சி மாதிரிதான் இருக்கும். வாயில் வைத்ததும் முதலில் சுக்கு தொண்டையைப் பிடிக்கிறது, அப்புறம் கருப்பட்டி, அதற்கும் பின்னால் பச்சைக் கொட்டையின் வாசம் லேசாக எட்டிப் பார்க்கிறது. ராத்திரியே பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு, ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுக்கிறார்கள். அரிசி மாவு சேர்த்தால் கெட்டிப்படும். எத்தனை முறை பிழிவீர்கள் என்று கேட்டேன். "மூணு தடவ. மிச்சம் மாட்டுக்கு" என்றார். கிளாஸைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கவில்லை. அடியில் தேங்காய்த் துருவல் ஒட்டிக்கொண்டிருந்தது. "அத யாருக்கு வச்சிருக்கீங்க?" விரலால் வழித்துத் தின்ற பிறகுதான் கிளாஸ் கைமாறியது.

அம்மாவுக்கு ஒரு பாட்டில் வாங்கிப் போகலாம் என்று தோன்றியது. சென்னைக்கு என்றதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடுமாம்.

இதே வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று, காந்தி மேலாடையைக் களைந்து வேட்டியை முழங்கால் அளவுக்குச் சுருக்கிக்கொண்டார். நூலுக்கு ஒரு கதை, விதைக்கு ஒரு கிளாஸ் என்று பருத்தியின் இரண்டு கணக்கும் ஒரே தெருவில் இருக்கின்றன.

ஏழு மணிக்குப் பசித்தது. ஒரு சந்து முனையில் இட்லிக் கடை. சட்டினி வேண்டாம், சாம்பார் போதும் என்றேன். கடைக்கார அக்கா என்னைக் காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதற்குள் தேங்காய், மல்லி, தக்காளி என்று இலையில் மூன்று நிறம் இறங்கியாயிற்று. கேட்ட சாம்பார் கடைசியில்தான் வந்தது. துணியிலிருந்து அப்போதுதான் பிரித்த இட்லி, விரல் பட்டாலே உடைந்தது. மூன்று என்று உட்கார்ந்தவன் ஆறு சாப்பிட்டேன். சாம்பார் இலையின் ஓரத்தில் அப்படியே இருந்தது. அக்கா அதையும் கவனித்துவிட்டார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

லாட்ஜில் போய்க் குளித்து ஒரு தூக்கம் போட்டேன். பதினொன்றரைக்கு வெளியே வந்தால் நல்ல வெயில். விளக்குத்தூண் பக்கம் போனேன். அந்தத் தூணும் அதே பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான். ஆனால் அங்கே நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஜிகர்தண்டாதான் குறி. ஜிகர் என்றால் நெஞ்சு, தண்டா என்றால் குளிர்ச்சி. கடல்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். போன் எடுத்து அந்தப் பக்கம் ஒரு கோணம், இந்தப் பக்கம் ஒரு கோணம் என்று படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, கரையுதுண்ணே. மொதல்ல குடிங்க, அப்புறம் கிளாஸப் படம் எடுங்க."

பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. போனைச் சட்டைப் பையில் போட்டேன். படத்தில் பழுப்பாக ஏதோ ஒன்று கலங்கலாக இருக்கிறது, அதனால் இங்கே போடவில்லை.

சென்னையில் நான் சாப்பிடும் இடங்களில் உப்பு, காரம், எண்ணெய், எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத்தான் செய்கிறார்கள். சாப்பிட்டேனா, மிச்சம் வைத்தேனா என்று யாரும் பார்ப்பதில்லை. மரியாதைதான், சந்தேகமில்லை. ஆனால் மதுரையில் அன்று அரை நாளில் மூன்று பேரிடம் திட்டு வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை.

வரவேற்புக்குப் போனபோது வயிற்றில் இடமில்லை. பந்தியில் உட்காராமல் தப்பிக்கப் பார்த்தேன், மாப்பிள்ளையின் சித்தப்பா தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பரிமாறுபவர் பணியாரத் தட்டோடு வந்ததும் போதும் என்று இலைக்கு மேல் கையை விரித்தேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில், குறி தவறாமல், ஒன்றை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.