கோச்சியில் கோ-ஷாமோ: ஒரு கிலோ சேவலைப் பார்க்க ஒரு பயணம்

கோ-ஷாமோ என்ற குட்டிக் கோழி இனத்தைப் பார்க்க ஜப்பான் போவதென்றால் நவம்பருக்கு முன்னால் போக வேண்டாம். கோடை முடிவில் இறகு உதிரத் தொடங்கினால் புது இறகு முற்றி இறுக இலையுதிர்காலம் பாதி போய்விடும். முளைக்குருத்தோடு, அதாவது இன்னும் விரியாத புது இறகோடு நிற்கும் சேவலைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ரொம்பத் தள்ளிப் போனாலும் சிக்கல்தான். குளிர்காலம் அங்கே பறவைக் காய்ச்சல் காலம். பக்கத்து மாவட்டத்தில் ஒரு பண்ணையில் நோய் கண்டால் போதும், வளர்ப்பவர்கள் வெளியாட்களைக் கொட்டகைக்குள் விடமாட்டார்கள்.

கோச்சி என்பது ஷிகோக்குத் தீவின் தென்கரையில் உள்ள மாவட்டம். நம் கேரளத்துக் கொச்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒகயாமாவில் புல்லட் ரயிலிலிருந்து இறங்கி 'நான்பூ' விரைவு ரயிலில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரம். செத்தோ பெரும்பாலத்தில் கடலைத் தாண்டி, ஒபோகே பள்ளத்தாக்கின் ஓரமாக வளைந்து வளைந்து போகும். கோச்சி நகருக்குச் சற்று முன்னால் வரும் நிலையம் கோமென். ஜப்பானிய மொழியில் 'மன்னிக்கணும்' என்பதும் இதே உச்சரிப்புதான். நான்கோகு நகரத்தைச் சேர்ந்த இந்தக் கோமெனில் ஷாமோ என்ற சண்டைக்கோழியின் கறிச்சட்டி பிரபலம். இந்த மண்ணின் நாயகன் சகமோத்தோ ரியோமா 1867இல் கியோத்தோவில் கொல்லப்பட்ட இரவில், ஷாமோக் கறி வாங்கிவர ஆள் அனுப்பியிருந்தார் என்று எல்லோரும் சொல்வார்கள்.

'ஷாமோ' என்ற பெயரே 'சயாம்' என்பதிலிருந்து வந்தது. தாய்லாந்துப் பக்கமிருந்து எடோ காலத்தின் தொடக்கத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டில் போன சண்டைக்கோழி இது. 1941இல் ஜப்பான் அரசு ஷாமோவை இயற்கைச் சின்னமாக அறிவித்தது. பெரிய ஷாமோச் சேவல் ஐந்து கிலோவைத் தாண்டும். கோ-ஷாமோ என்றால் 'சின்ன ஷாமோ': சேவலுக்கு 1 கிலோ, பெட்டைக்கு 800 கிராம்தான் அளவு. அழகுக்காகவே வளர்ப்பது. பத்து மீட்டரைத் தாண்டி வால் வளரும் ஓனகாதோரி உருவானதும் இதே நான்கோகு வட்டாரத்தில்தான். அதற்கு 1952இல் சிறப்பு இயற்கைச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. வாலையே பார்த்துப் பழகிய நம்மூர் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்ப்பவர்களுக்கு ஓனகாதோரி உடனே பிடித்துப்போகும். கோ-ஷாமோ பிடிபடக் கொஞ்சம் நேரமாகும்.

கொட்டகை வாசலில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத்தூள் கொட்டிப் பரப்பியிருக்கும். அதை மிதித்து, மருந்துத் தண்ணீரில் காலணியை முக்கிய பிறகுதான் உள்ளே போகலாம். வீட்டில் கோழி வைத்திருப்பவர்கள் வீட்டுக் கொட்டகையில் போட்ட செருப்பையும் சட்டையையும் இந்தப் பயணத்துக்கு எடுத்துவரவே கூடாது. ஜப்பான் போய்ச் சேர்ந்ததும் முதல் ஒரு வாரம் வேறு ஊர்களைச் சுற்றிவிட்டுக் கோழிக் கொட்டகையைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. முன்கூட்டிச் சொல்லாமல் போய் நிற்காதீர்கள்.

உள்ளே போனதும் கையில் வாங்கிப் பார்க்கத் தோன்றும். பொறுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நின்று முதலில் நிற்கும் நிலையைப் பாருங்கள். தலையும் கழுத்தும் ஒரு பங்கு, உடம்பு ஒரு பங்கு, கால் ஒரு பங்கு. மூன்றும் சமமாக இருக்க வேண்டும். கழுத்து நிமிர்ந்து, தோள்பட்டை மேலே தூக்கி, முதுகு சரிந்து இறங்க வேண்டும். கால் முட்டியில் லேசான மடிப்பு தேவை. குச்சி நட்ட மாதிரி விறைத்து நின்றால் குறை. வால் குட்டையாக, இறால் வால்போல உள்நோக்கி வளைந்து கீழே இறங்கும். நீளமாகவோ மேலே தூக்கியோ இருந்தால் உருவமே கெட்டுவிடும்.

வளர்ப்பவர் சேவலை ஒரு கையில் ஏந்தி நெஞ்சைத் திருப்பிக் காட்டுவார். அதுதான் பார்க்க வேண்டிய இடம். நெஞ்செலும்பு நெடுக இறகே இல்லாமல் சிவந்த தோல் கோடாகத் தெரியும். இறகுகள் குறுகலாக, கடினமாக, உடம்போடு ஒட்டிக் கிடக்கும். நீவிவிட்டால் பஞ்சு மாதிரி அமுங்காது, ஓலை மாதிரி உரசும். தொண்டையில் தளர்ந்த தோல் மடிப்பு இருக்கும், தாடி (அலகுக்குக் கீழே தொங்கும் சதை) இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். விரலால் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். மற்ற இனத்தில் கோணல் எலும்பை இறகு மூடிவிடும், இதில் ஒளிக்க இடமில்லை. எடை பார்ப்பது கடைசியில். முதலிலேயே தராசில் வைத்தால் எண் மனசில் உட்கார்ந்துகொண்டு கண்ணைக் கெடுத்துவிடும்.

கண் முத்துப்போல வெள்ளையாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் அது வயதோடு வருவது. இளம் பறவையில் மஞ்சளோ ஆரஞ்சோ ஓடினால் கழித்துவிடக் கூடாது; முற்றிய சேவலிலும் அப்படியே இருந்தால்தான் குறை. முகத்தின் கனமும் தோலின் சிவப்பும் முழுதாகத் தெரிய இரண்டு வயதாகும். ஆறு மாதத்தில் தேர்ந்தெடுத்து மிச்சத்தை விற்பவர்கள், நல்ல பறவையையே விற்றுவிடுகிறார்கள். கோ-ஷாமோ வளர்ப்பில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

இனி இனப்பெருக்கம். பெட்டைகள் முட்டை கொஞ்சம்தான் இடும், சீக்கிரம் அடைக்கு உட்காரும். பெட்டைகளே ஒன்றையொன்று கொத்திக் கிழிக்கும் என்பதால், பெட்டையைத் தனியே வைத்துச் சேவலை மாற்றி மாற்றி விடுவது பாதுகாப்பு. கரு கூடாத முட்டை அதிகம் வந்தால் உடனே சேவலைக் குறை சொல்லாதீர்கள். ஆசனவாயைச் சுற்றியுள்ள கெட்டி இறகை இரண்டுக்கும் கத்தரித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்குபேட்டர் என்றால் 37.5 டிகிரி, 18ஆம் நாள் வரை திருப்புதல், பிறகு ஈரத்தைக் கூட்டி விட்டுவிடுதல். இதில் புதுமை எதுவுமில்லை.

குஞ்சு பொரித்த பிறகுதான் கவனம் வேண்டும். வழுக்கும் செய்தித்தாளில் விட்டால் கால் அகன்றுவிடும். ரப்பர் விரிப்போ மணலோ போடுங்கள். மூன்று நான்கு மாதம் வரை உயரக் கம்பு வேண்டாம். எலும்பு முற்றாத குஞ்சு ஒல்லிக் கம்பில் நெஞ்சை அழுத்தித் தூங்கினால் நெஞ்செலும்பு வளைந்துவிடும். பிறகும் அகலமான தட்டைப் பலகைதான் கொடுக்க வேண்டும். இறகு குறைவு என்பதால் குளிர் தாங்காது, வெப்ப விளக்கை மற்ற குஞ்சுகளைவிடச் சில நாள் கூடுதலாக வையுங்கள். சேவல் குஞ்சுகள் முறைக்கத் தொடங்கியதும் பிரித்துவிட வேண்டும். ஒரே ஒரு நாள் விட்டுவைத்தாலும் கண் போய்விடும்.

லைன் காப்பது, அதாவது ஒரே வம்சத்தைக் கலப்பில்லாமல் தொடர்வது பற்றிக் கணக்கோடு பேசியாக வேண்டும். அண்ணன் தங்கையைச் சேர்த்தாலும், அப்பனையும் மகளையும் சேர்த்தாலும் குஞ்சின் உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுக்குள் இணைவதன் அளவு) 25 சதவீதம். தாயோ தந்தையோ ஒன்று மட்டும் பொதுவாக இருந்தால் 12.5. ஒரு சேவல், ஐந்து பெட்டை என்று மூடிய கூட்டமாக ஓட்டினால் தலைமுறைக்குச் சுமார் 15 சதவீதம் ஏறும். மூன்று சேவல், ஒன்பது பெட்டை என்றால் 5.6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். விலை கொடுத்து வாங்கிய ஒற்றைச் 'சாம்பியன்' சேவலை எல்லாப் பெட்டைக்கும் விடுகிறவர்கள், நாலைந்து தலைமுறையில் கரு கூடாத முட்டை, வளைந்த விரல், கூன் முதுகு, ஒருபக்கம் சாயும் வால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

இதற்கு எளிய வழி மூன்று கூண்டு முறை. மகள்கள் தாய் இருந்த கூண்டிலேயே இருப்பார்கள். முதல் கூண்டின் மகன் இரண்டாவதுக்கு, இரண்டாவதின் மகன் மூன்றாவதுக்கு, மூன்றாவதின் மகன் முதலாவதுக்கு. வருடா வருடம் இதே திசை. குஞ்சுக்கு முதல் நாளே விரலிடைத் தோலில் துளையிட்டோ கால் வளையம் போட்டோ கூண்டைக் குறித்துவிட வேண்டும். ஒரு வருடம் குறிப்பு தவறினால் அதற்குப் பிறகு யாருக்கு யார் உறவு என்று யாராலும் சொல்ல முடியாது.

கொண்டையிலும் ஒரு பொறி இருக்கிறது. பட்டாணிக் கொண்டையோ (மூன்று வரிசையாகத் தாழ்ந்து படிந்தது) வால்நட் கொண்டையோதான் (அக்ரூட் பருப்புபோல உருண்டு சுருங்கியது) வேண்டும். இரண்டுக்கும் பட்டாணி மரபணு அவசியம். தாடி சுருங்குவதும் அதனால்தான். சேவலிலும் பெட்டையிலும் அந்த மரபணு ஒரு பிரதி மட்டுமே இருந்தால் நாலில் ஒரு குஞ்சு அது இல்லாமல் பிறக்கும். திடீரென்று ஒற்றைக் கொண்டை தலைகாட்டுவது இப்படித்தான். சந்தேகமான சேவலை ஒற்றைக் கொண்டை நாட்டுப்பெட்டையோடு விட்டுப் பாருங்கள். எட்டுக் குஞ்சும் பட்டாணி அல்லது வால்நட் கொண்டையோடு வந்தால் சேவல் சுத்தம் என்று நம்பலாம். தவறாக இருக்க வாய்ப்பு 256இல் ஒன்றுதான். அந்தக் குஞ்சுகளை லைனுக்குள் விடாதீர்கள், அவை சோதனைக்கு மட்டும்.

முகம் கனக்க வேண்டும் என்று யமாத்தோ ரத்தம் கலப்பவர்கள் உண்டு. சுருங்கிய கனத்த முகம், பருத்த கால் என்று கோ-ஷாமோவைவிடப் பெரிய இனம் அது. முதல் தலைமுறை அழகாக, ஒரே மாதிரி வந்து ஆசை காட்டும். இரண்டாம் தலைமுறையில் சிதறும்: ஒன்று கனத்த உடம்பு, ஒன்று குட்டைக் கால், ஒன்று மெல்லிய முகம். எடையை மறுபடி ஒரு கிலோவுக்குக் கொண்டுவரப் பல வருடம் பிடிக்கும். கூண்டும் தீவனமும் பொறுமையும் அத்தனை வருடத்துக்கு இல்லையென்றால் தொடாமலிருப்பதே மேல்.

திரும்பும்போது முட்டையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் யோசனை வேண்டவே வேண்டாம். இறக்குமதி அனுமதியும் கால்நடைச் சுகாதாரச் சான்றும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் பிடிபட்டால் அழித்துவிடுவார்கள், பிடிபடாவிட்டால் ஊர்க் கோழிகளுக்கே ஆபத்து. கொண்டுவர வேண்டியது படங்கள். கூண்டுக்கு முன் தரையில் உட்கார்ந்து, கேமராவைச் சேவலின் தோள் மட்டத்துக்கு இறக்கி, சரியாகப் பக்கவாட்டில் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகிவிடும், மூன்று பங்குக் கணக்கும் பொய்யாகிவிடும். புது ஆளைக் கண்டதும் பறவை ஒடுங்கி நிற்கும். ஐந்து பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் தானாகக் கழுத்தை நிமிர்த்தித் தோளைத் தூக்கும், அப்போது எடுங்கள்.