எட்டாவது ஆள்

மன்னார்குடிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்த புதிதில், விரலிடுக்கெல்லாம் சொறிசிரங்கோடு ஒரு பையன் வந்தான். டாக்டர் எழுதிய பெர்மெத்ரின் களிம்பைக் கொடுத்து, தடவும் முறையைச் சொல்லி அனுப்பினேன். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா என்று கேட்கவில்லை. அடுத்த மாதமே திரும்பி வந்தான்.

அப்புறம்தான் வீட்டுக்குப் போனேன். ஏழு பேர். அப்பாயியோடு மூன்று பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் படுக்கிறார்கள். “ராத்திரியானா அரிப்புதான் நர்சம்மா, சூட்டு உடம்புன்னு விட்டுட்டோம்” என்றார் பையனின் அம்மா. “எனக்கு அரிக்கலையே, எனக்கெதுக்கு மருந்து?” என்றார் தாத்தா. முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்குள் இந்தச் சொறிசிரங்கை உண்டாக்கும் பூச்சி அடுத்தவருக்கு ஏறிவிடும் என்று விளக்கியதும் ஒத்துக்கொண்டார்.

ஏழு பேரும் ஒரே ராத்திரி, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தடவ வேண்டும். 8 மணி நேரமாவது உடம்பில் இருக்க வேண்டும். சம்பா நடவு நேரம். விடிந்ததும் வயலில் இறங்கும் பெண்களுக்கு ராத்திரி 8 மணிக்குள் தடவினால்தான் சரிப்படும். அந்த அம்மாவும் அப்படித்தான் தடவினார். ஆனால் அதற்குப் பிறகு பாத்திரம் தேய்த்தார். பூச்சி அதிகம் இருக்கும் விரலிடுக்கில் மருந்தே இல்லாமல் போனது. ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை தடவும்போது, எல்லா வேலையும் முடிந்த பிறகு தடவச் சொன்னேன்; இடையில் கை நனைந்தால் திரும்பவும் தடவ வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள் என்பது சுலபம். ஐப்பசி மழையில் வெயிலுக்கு எங்கே போவது? அலச முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தோம். உடம்பை விட்டு விலகினால் இந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது.

பூச்சி செத்தாலும் அரிப்பு சில வாரம் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மெடிக்கலில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் போடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அது அரிப்பை அடக்குமே தவிர, பூச்சியைக் கொல்லாது.

கிளம்பும்போது அப்பாயி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “திருத்துறைப்பூண்டிலேருந்து எம் மவ வயித்துப் பேத்தி சனிக்கிழமையானா வரும். எங்கிட்டதான் படுக்கும்.”

நோட்டைத் திரும்பத் திறந்து எட்டு என்று எழுதினேன்.